ஈசலும் சட்டமும்: உணவின் தூய்மையை யார் அளப்பது?

வெள்ளகோவிலைச் சுற்றியுள்ள நிலம் மழை குறைந்த நிலம். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட கொறங்காடுகளே இந்தக் காங்கயம் வட்டாரத்தின் கால்நடைகளை நெடுங்காலமாகக் காப்பாற்றி வந்துள்ளன. கோடை மழையோ ஐப்பசி மழையோ பெய்து ஓய்ந்த அந்திப் பொழுதில், அந்தக் காடுகளின் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். புற்றின் வாயருகே குழி வெட்டி, விளக்கு வைத்து, விழும் ஈசலை அள்ளி, வெயிலில் காயவைத்து, முறத்தில் புடைத்துச் சிறகு நீக்கி, அரிசியோடு சேர்த்து வறுத்து உண்பது உழைக்கும் மக்களின் பழக்கம். வேலை கிடைக்காத மழை நாட்களில் காசு கொடுக்காமல் கிடைத்த புரதம் அது. அதை உண்டவர்கள் பல சாதிகளிலும் இருந்தார்கள். ஆனால் அதைச் சொல்லிக்காட்டி இழிவுபடுத்தப்பட்டவர்கள், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களும் இருளர் போன்ற பழங்குடியினருமே.

அந்தப் பூச்சி உணவு இன்று உலகச் சந்தையில் வேறு பெயரோடு வலம் வருகிறது. ஐக்கிய நாடுகள் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கை, 1,900-க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் உலகில் உண்ணப்படுவதாகவும், ஏறத்தாழ 200 கோடி மக்களின் மரபான உணவில் அவை இடம்பெறுவதாகவும் மதிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் உலர்ந்த மஞ்சள் மாவுப்புழுவை மனித உணவாக ஏற்றுக்கொண்டது. வெட்டுக்கிளியும் வீட்டுச் சில்வண்டும் அடுத்தடுத்து ஏற்கப்பட்டன. நம் தமிழ் மக்கள் பெருந்திரளாக வாழும் சிங்கப்பூரில், 2024 ஜூலையில் 16 பூச்சியினங்களுக்கு உணவு ஆணையம் அனுமதி அளித்தது. 'எதிர்காலத்தின் புரதம்' என்று இதழ்கள் எழுதுகின்றன.

சேரியில் இழிவாக இருந்த ஒன்று ஆய்வகத்தின் வழியாக வந்தால் அறிவியலாகிவிடுகிறது என்ற கசப்பு நமக்கு உண்டு. எனினும் அந்தக் கசப்போடு நின்றுவிட நாம் விரும்பவில்லை. ஓர் உணவு பாதுகாப்பானதா என்று அறிவியல் கேட்கும் கேள்விகள் வேறு. அது தூய்மையானதா என்று சாதி கேட்கும் கேள்வி வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய இந்நாட்டின் உணவு நிர்வாகம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் தலித் மக்களின் உணவு இரு வகையிலும் இழக்கிறது. அதற்கு மதிப்பும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இந்த இரண்டாவது இழப்பைப் பற்றி நம்மிடையேகூடப் போதிய உரையாடல் நிகழவில்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

சட்டத்தின் கண்ணில் பூச்சி

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. 'பாதுகாப்பற்ற உணவு' எது என்று அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு பட்டியலிடுகிறது. புழுவோ வண்டோ பூச்சியோ தாக்கிய உணவு அப்பட்டியலில் இடம்பெறுகிறது. அரிசியிலும் பருப்பிலும் மாவிலும் பூச்சி இருக்கக் கூடாது என்பது நியாயமான விதியே. நியாயவிலைக் கடையின் வண்டு விழுந்த அரிசியை நெடுங்காலம் தின்று தீர்த்தவர்கள் என்ற முறையில், அந்த விதி கடுமையாக நடைமுறையாக வேண்டும் என்று விரும்புகிறவர்களும் நாமே. ஆனால் பூச்சியையே உணவாகக் கொள்ளும் மக்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு அச்சட்டத்தில் எந்தத் தடயமும் இல்லை. ஈசலுக்கென்று ஒரு தரநிலை இல்லை. எத்தனை ஈரப்பதம் இருக்கலாம், எந்த நுண்ணுயிரி எத்தனை இருக்கலாம், எப்படிப் பொட்டலமிடுவது என்ற எதுவும் வரையறுக்கப்படவில்லை.

தரநிலை இல்லாத ஒன்றைத் தயாரித்து விற்க விரும்புவோர், 2017-ஆம் ஆண்டின் 'வரையறுக்கப்படாத உணவுகள்' ஒழுங்குமுறையின்கீழ் முன் அனுமதி பெற வேண்டும். பாதுகாப்புச் சான்றுகளையும், அவ்வுணவு முன்பு உண்ணப்பட்டு வந்த வரலாற்றையும் விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். ஆய்வகக் கட்டணம் செலுத்தவும் ஆவணம் தயாரிக்கவும் வல்ல நிறுவனத்துக்கு இது ஒரு நடைமுறை. மழைக்குப் பின் ஒரு படி ஈசலைச் சந்தையில் விற்கும் ஒரு பெண்ணுக்கு இது எட்டாத உயரம்.

இங்கே 'உண்ணப்பட்ட வரலாறு' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு விதியின்படி, வேறொரு நாட்டில் கணிசமான மக்கள் குறைந்தது 25 ஆண்டுகள் பாதுகாப்பாக உண்டு வந்த உணவு என்று மெய்ப்பித்தால், அது எளிதான வழியில் அனுமதி கோரலாம். ஆக, ஒரு மக்கள் கூட்டத்தின் உணவு வரலாறு இன்று பொருளாதார மதிப்புடைய சான்று. நம் மக்களின் ஈசல் வரலாறு 25 ஆண்டு அல்ல, பல தலைமுறை. அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பழங்குடியினரின் பூச்சி உணவு குறித்துப் பூச்சியியல் ஆய்வாளர்கள் எழுதிய சில கட்டுரைகளில் இருக்கிறது. மற்றபடி அது வசைச் சொற்களில்தான் பதிவாகியிருக்கிறது. வசையை எந்த ஆணையமும் சான்றாக ஏற்காது.

மாற்றம் நிகழவே நிகழாது என்றும் சொல்வதற்கில்லை. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டப் பழங்குடியினர் செய்யும் சிவப்பு எறும்புத் துவையலான 'காய் சட்னி', 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு பெற்றது. தொடர்ந்து கோரியதாலும், தங்கள் உணவைத் தாங்களே பதிவு செய்ததாலும் அம்மக்கள் அதை ஈட்டினார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு முயற்சி இன்னும் தொடங்கவில்லை.

கிருமி கேட்கும் கேள்விகள்

இப்போது நம் பக்கமும் நேர்மையாகப் பேச வேண்டும். 'எங்கள் முன்னோர் உண்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது ஒரு வாதமாகாது. ஆனவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. வயிற்றுப்போக்கில் இறந்த சேரிக் குழந்தைகளின் மரணத்துக்குக் காரணம் தேடிய காலம் மிக அண்மையது.

பூச்சியை நாம் குடலோடு சேர்த்தே உண்கிறோம். ஆட்டையும் மீனையும்போல் வயிற்றைக் கிழித்து அகற்ற அதில் வழியில்லை. ஆகவே பச்சையான பூச்சியின் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. குடலில் வாழும் நோய்க்கிருமிகள் சில நிமிடக் கொதியிலேயே அழிந்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் போன்ற பாக்டீரியாக்கள், வெப்பத்தைத் தாங்கும் ஸ்போர் என்ற உறங்குநிலை வித்தாகத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. கொதிநீரில் அவை சாவதில்லை. உணவு ஆறி, வெதுவெதுப்பான நிலையில் மணிக்கணக்கில் கிடந்தால், வித்து விழித்து, பெருகி, நச்சைச் சுரக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை மாவுப்புழுவிலும் சில்வண்டிலும் காட்டியது. வெறுமனே வறுப்பது போதாது, முதலில் கொதிக்க வைக்க வேண்டும் என்றும், அப்போதும் வித்துகள் எஞ்சும் என்றும், பூச்சி மாவைத் தானிய மாவோடு கலந்து புளிக்க வைத்தால் அந்த அமிலம் வித்துகளைப் பெருகவிடாமல் தடுக்கிறது என்றும் அது கூறியது. கம்பங்கூழையும் பழைய சோற்றையும் காக்கும் அதே புளிப்புதான் அது.

கென்யாவிலிருந்து வந்த ஒரு படிப்பினையும் உண்டு. அங்கே ஈசலை நெகிழிப் பையில் அடைத்து, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பல நாள் பயணமாக எடுத்துச் சென்று உண்டவர்கள் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுக்கு ஆளானார்கள். 1980-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அதைப் பதிவு செய்தது. காற்றில்லாத ஈரமான பையில் பெருகும் ஒரு பாக்டீரியாவின் நச்சு அது. தாய்லாந்தில் வறுத்த வெட்டுக்கிளியும் பட்டுக் கூட்டுப்புழுவும் உண்டவர்களுக்கு ஹிஸ்டமின் நச்சு ஏற்பட்டது. கெட்டுப்போன மீனில் உருவாவதும் இதே பொருள்தான். வறுக்கும்முன் பூச்சி கெட்டிருந்தால், எத்தனை வறுத்தாலும் ஹிஸ்டமின் போகாது. இறாலும் நண்டும் ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறையானுக்கு மருந்தடித்த தோட்டத்தின் ஈசலும், சாயக்கழிவு பாய்ந்த நிலத்தின் பூச்சியும் வேறு வகை ஆபத்து. திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிடும் அளவுக்கு நொய்யல் கெட்டிருந்தது என்பதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. நஞ்சை எந்தக் கொதியும் அகற்றாது.

இவ்வளவையும் தொகுத்தால் அறிவியலின் கேள்விகள் மிகச் சில. எங்கே பிடித்தது? எந்த நீரில் கழுவியது? எவ்வளவு நேரம் கொதித்தது? முழுமையாகக் காய்ந்ததா? எதில் வைத்தது, எத்தனை நாள் வைத்தது? பிரியாணிக்கும் இட்லி மாவுக்கும் பாலுக்கும் கேட்கப்படுவதும் இவையே. சமைத்த சோற்றை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் விட்டுவைக்காதே என்று உணவுப் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லித் தருவதன் காரணமும் இதே பேசில்லஸ்தான். இந்தக் கேள்விகளில் 'யார் உண்பது' என்பது இல்லை. 'யார் சமைத்தது' என்பதும் இல்லை.

சாதி கேட்கும் கேள்வி

இல்லாத அந்தக் கேள்விதான் இங்கே முதலில் கேட்கப்படுகிறது. இதே திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையத்தில், 2018 ஜூலையில் நடந்ததை நினைவுகூர்வோம். அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கவிடாமல் ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023 செப்டம்பரில், வெள்ளகோவிலுக்குக் கிழக்கே கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பகுதியின் வேலன்செட்டியூரில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் சிலர் மறுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது.

இவ்விரு இடங்களிலும் அரிசி ஒன்று, பருப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று. உணவின் எந்தத் தன்மையும் மாறவில்லை. மாறியது கை மட்டுமே. அந்தக் கை சோப்பிட்டுக் கழுவப்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. கழுவினாலும் போகாத ஒன்றையே அவர்கள் தேடினார்கள். உணவுப் பாதுகாப்பின் மொழியில் இதற்குப் பெயரில்லை. தீண்டாமை என்பதே இதன் பெயர்.

மறுபுறம், உண்மையான கிருமி ஆபத்து தலித் மக்களைத் தாக்கியபோது என்ன நடந்தது? புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்று, மருத்துவர்கள் நீரின்மீது ஐயம் கொண்ட பிறகே அது வெளிப்பட்டது. மலத்தின் கிருமி குடிநீரில் கலப்பதைவிட அடிப்படையான உணவுப் பாதுகாப்பு மீறல் வேறில்லை. வழக்கு சிபிசிஐடிக்கு மாறி, ஈராண்டு கழித்து 2025 ஜனவரியில், அதே சமூகத்தைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. இல்லாத மாசைக் காணும் சமூகமும், இருந்த மாசுக்கு நியாயம் தர முடியாத நிர்வாகமும் ஒரே நாட்டில் அருகருகே இருக்கின்றன.

தேங்காய்ப் பருப்பும் மாட்டிறைச்சியும்

நுண்ணுயிரியை அரசு பாரபட்சமின்றி, ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகக் கையாள வல்லதா? வல்லது. அதற்குச் சான்று வெள்ளகோவிலிலேயே இருக்கிறது.

காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்தின் உலர்களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்கிறது. வெளியூரார் கொப்பரை என்பார்கள். மழை தூறி ஈரம் தங்கினால் அதில் பூஞ்சை பிடிக்கும். அப்படிப் பிடிக்கும் பூஞ்சைகளில் சில, ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரப்பவை. இந்த ஆபத்து ஈசலின் ஆபத்தைவிடச் சிறியதன்று. ஆனால் தேங்காய்ப் பருப்பை யாரும் இழிந்த பொருள் என்று சொல்வதில்லை. அரசு அதற்கு அளவு வகுத்தது. ஆதரவு விலையில் கொள்முதல் செய்யும் கொப்பரையின் ஈரப்பதம் 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பூஞ்சை பிடித்த பருப்பு எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. மாவட்டத்தின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் தரம் பார்க்கிறார்கள். உலர்களம் கட்ட மானியம் தருகிறார்கள். நிலமும் குரலும் உடையவர்களின் பொருள் என்பதால், பூஞ்சை அங்கே ஓர் எண்ணாக அளக்கப்படுகிறது. அதே களத்தில் நாள் முழுவதும் பருப்பைத் திருப்பிப் போடும் கூலித் தொழிலாளியின் வீட்டு உணவுக்கு அப்படி ஓர் எண் இல்லை.

மாட்டிறைச்சியை இதனோடு ஒப்பிடுங்கள். வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தின் மாட்டுச் சந்தை புகழ்பெற்றது. சித்திரைத் தேர்த் திருவிழாவையொட்டிக் காங்கயம் காளைகள் அங்கே அணிவகுக்கும். காளைக்கு அளவற்ற பெருமை. உழைத்து ஓய்ந்த மாட்டின் இறைச்சி உண்பவருக்கு அளவற்ற இழிவு. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958, பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியிழந்த மாட்டைச் சான்று பெற்று அறுக்க அனுமதிக்கிறது. அறுவைக் கூடம் அமைப்பதும், மருத்துவர் மூலம் மாட்டைச் சோதிப்பதும், கழுவ நீரும் கழிவு வாய்க்காலும் தருவதும் உள்ளாட்சியின் கடமை. சிற்றூர்களில் மாட்டுக்கென அத்தகைய கூடத்தைக் காண்பது அரிது. கடைக்காரர் மரத்தடியில் அறுக்கிறார். பிறகு அதே மரத்தடியைக் காட்டி 'சுகாதாரமில்லை' என்று கடையை அகற்றச் சொல்கிறார்கள். வசதியை மறுப்பவர்களே வசதியின்மையைக் குற்றமாக்குகிறார்கள்.

அதற்கு மேலும் செல்கிறார்கள். 2022 மே மாதத்தில் ஆம்பூரில் அரசே நடத்த முனைந்த பிரியாணித் திருவிழாவில், மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்று அறிவிக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அதைப் பாகுபாடாகக் கருதி விளக்கம் கேட்டது. 2025 ஜனவரியில் கோவையில் மாட்டிறைச்சிப் பிரியாணி விற்ற ஒரு தம்பதியர் மிரட்டப்பட்ட காணொளி பரவி, காவல்துறை வழக்குப் பதிய நேர்ந்தது. இந்த இரு நிகழ்வுகளிலும் இறைச்சி கெட்டிருந்ததா என்று சோதித்தவர் யாருமில்லை.

'பூச்சியைத் தின்பதா' என்று முகம் சுளிக்கும் வீடுகளுக்கும் ஒரு செய்தி உண்டு. மிட்டாயின் மினுமினுப்புக்கும் மாத்திரையின் மேற்பூச்சுக்கும் பயன்படும் அரக்கு, ஒரு பூச்சியின் சுரப்பு. சில சிவப்பு நிற இனிப்புகளில் சேரும் கார்மைன், பூச்சியை அரைத்து எடுக்கும் சாயம். தேன் என்பது தேனீ தன் வயிற்றுப் பையில் சுமந்து வந்து கக்கியது. இவற்றுக்கெல்லாம் உணவுச் சட்டத்தில் தரநிலை உண்டு. பூச்சி எந்தத் தட்டில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அது அருவருப்பாகவோ அமுதாகவோ ஆகிறது.

உடுமலை, தாராபுரம் பகுதிகளில் பட்டு வளர்ப்பு செழித்திருக்கிறது. கூடு வேகவைத்து நூல் பிரித்தபின் எஞ்சும் கூட்டுப்புழு, கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகிறது. அசாமிலும் மேகாலயாவிலும் எரிப்பட்டுப் புழு மனிதர்கள் விரும்பி உண்ணும் உணவு. நூற்பு ஆலையின் வெந்நீரிலிருந்து வெளிவரும் புழு சில மணி நேரத்தில் நாறத் தொடங்கும். உடனே உலர்த்தினால் நெடுநாள் நிற்கும். நாளை ஒரு நிறுவனம் இதே கொங்கு மண்ணில் அதைப் பொடியாக்கி, 'உயர்புரத மாவு' என்று விற்க முன்வரக்கூடும். அப்போது ஆய்வகமும் அனுமதியும் தாமாக வழிவிடும். அந்த ஆலையில் நாற்றத்தோடு புழுவை அள்ளுபவர் யாராக இருப்பார், இலாபத்தை எண்ணுபவர் யாராக இருப்பார் என்பதை நம் அனுபவம் நமக்குச் சொல்லும்.

அம்பேத்கரின் எச்சரிக்கை

ஒரு நியாயமான மறுப்பு நம் தோழர்களிடமிருந்தே வரும். ஈசலும் வயல் எலியும் செத்த மாட்டின் இறைச்சியும் நம் பண்பாடா, அல்லது நம்மீது சுமத்தப்பட்ட பசியா? கொங்குப் பகுதியில் பண்ணையத்தின் செத்த மாட்டைத் தூக்குவது அருந்ததியர்மீது சுமத்தப்பட்ட ஊழியம். அதன் இறைச்சியே கூலியின் ஒரு பகுதி. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், செத்த மாட்டை உண்பதையும் எச்சில் உணவு பெறுவதையும் கைவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அது தன்மானத்தின் குரல். அதற்குள் ஒரு சுகாதாரக் காரணமும் உண்டு. நோயால் செத்த விலங்கு அடைப்பான் நோய் முதலியவற்றைச் சுமந்து வரக்கூடும்.

அந்த எச்சரிக்கையை நாம் முழுமையாக ஏற்கிறோம். வறுமை தந்த உணவுக்கு மாலை சூட்டி, 'இதுவே உங்கள் மரபு, இதிலேயே இருங்கள்' என்று சொல்லும் புதிய பரிவுக்கு நாம் துணைபோக முடியாது. ஒருவர் ஈசலை விட்டுவிட்டு முட்டையும் பாலும் உண்ண விரும்பினால், அவை அவர் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். ஒருவர் ஈசலை விரும்பி உண்டால், அதற்காக அவர் தலைகுனியக் கூடாது. அதனால் அவர் நோயுறவும் கூடாது. தெரிவு செய்யும் உரிமை என்பது இந்த இரண்டும் சேர்ந்ததே.

என்ன கேட்கிறோம்

முதலாவதாக, மாநில அரசு தலித், பழங்குடி மக்களின் உணவுகளை அம்மக்களின் பங்கேற்போடு ஆவணப்படுத்த வேண்டும். எந்தப் பூச்சி, எந்தப் பருவம், எப்படிப் பதப்படுத்தல் என்ற பதிவு நாளை சட்டத்தின் முன் 'உண்ணப்பட்ட வரலாறு' ஆகும். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூச்சியைப் பயிரின் பகையாகப் பல்லாண்டு ஆராய்ந்திருக்கிறது. அதை உணவாகவும் ஆராயும் வல்லமை அதற்கு உண்டு. அறிவைத் தந்த மக்களின் பெயரும் பங்கும் அந்த ஆய்வில் நிலைக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஈசல் போன்ற உணவுகளுக்கு எளிய தரநிலை வேண்டும். கொப்பரைக்கு வகுத்ததுபோல் ஈரப்பதத்துக்கும் நுண்ணுயிரிக்கும் ஓர் அளவு. சிறு விற்பனையாளருக்குக் கட்டணமில்லாச் சோதனை. தண்டனைக்கு முன் பயிற்சி.

மூன்றாவதாக, வெள்ளகோவில் போன்ற நகராட்சிகளும் ஒன்றியங்களும் நீரும் வடிகாலும் மருத்துவச் சோதனையும் கொண்ட அறுவைக் கூடத்தை மாட்டுக்கும் அமைக்க வேண்டும். அதை அமைக்காமல் சுகாதாரத்தின் பெயரால் எந்த மாட்டிறைச்சிக் கடையையும் மூடும் தார்மீக உரிமை அவற்றுக்கு இல்லை.

நான்காவதாக, எல்லாவற்றுக்கும் அடிப்படை நீர். ஈசலைக் கொதிக்க வைக்கவும், கையைக் கழுவவும், பாத்திரம் துலக்கவும் நீர் வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் ஊருக்குள் வரும் அளவிலும் முறையிலும் அருந்ததியர் குடியிருப்புக்கும் வருகிறதா என்பதை, ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையில் கணக்காக வைக்க வேண்டும்.

அரசு வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லாத செயல்களும் உண்டு. இந்தப் பருவத்தில் ஈசல் பிடிப்போர், மருந்தடித்த நிலத்தையும் சாயநீர் பாய்ந்த நிலத்தையும் தவிர்க்கட்டும். பிடித்த அன்றே ஐந்து நிமிடமாவது கொதிநீரில் இட்டு எடுத்து, நொறுங்கும் அளவுக்குக் காயவைத்து, பிறகு வறுக்கட்டும். ஈரத்தோடு நெகிழிப் பையில் கட்டி வைக்க வேண்டாம். நாறினால், வறுத்துச் சரிசெய்யலாம் என்று எண்ணாமல் கொட்டிவிடட்டும். இறால், நண்டு ஒவ்வாதவர்கள் தொடாதிருக்கட்டும். உண்ட பின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ நேர்ந்தால், என்ன உண்டோம் என்பதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லட்டும்.

கடைசியாகச் சொன்ன இதுவே மிகக் கடினமானது என்பதை நாம் அறிவோம். அரசு மருத்துவமனையின் வரிசையில் நின்று, 'ஈசல் சாப்பிட்டேன்', 'மாட்டுக்கறி சாப்பிட்டேன்' என்று சொல்ல ஒருவர் கூச வேண்டியிருக்கும் வரை, மருத்துவர் தவறான காரணத்தைத் தேடுவார்; எந்தப் பதிவேட்டிலும் உண்மை ஏறாது. இழிவு இங்கே மனத்தை மட்டும் புண்படுத்துவதில்லை. அது நோயை மறைத்து, உயிரையும் எடுக்கிறது. ஆகவே உணவுப் பாதுகாப்பு என்ற துறைக்குள் சாதி ஒழிப்பை நாம் வலிந்து கொண்டுவரவில்லை. அந்த மருத்துவமனை வரிசையில் அது ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது.